துண்டுக்கு அடியில் ஒரு பேச்சு

எங்கள் பல்கலைக்கழகத்தின் மூளை ஆய்வு மையத்தில் பயிற்சிக்குச் சேருகிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. யாரும் தன் துறை ஆளோடு களப்பணிக்குப் போகக் கூடாது. மருத்துவருக்கு இசை படித்தவர் துணை, கணக்குப் படித்தவருக்கு மனநலம் படித்தவர் துணை. நான் மலேசியாவில் ஈப்போக்காரன். பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பது என் தொழில். எனக்கு வாய்த்த துணை சியூ லிங் என்ற பொறியாளர். தலையில் தொப்பி மாதிரி மாட்டினால் மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்கிற கருவி ஒன்றை அவள் தன் கையாலேயே செய்திருந்தாள். அந்தத் தொப்பியைத் தவிர உலகத்தில் வேறு எதையும் அவள் அவ்வளவாக நம்புவதில்லை.

எண்ணும் சொல்லும் மூளைக்குள் ஒரே வீட்டில் குடியிருக்கின்றனவா, பக்கத்துப் பக்கத்து வீடா என்பது எங்கள் பேராசிரியரின் கேள்வி. எண்ணை வாயால் சொல்லாமல் வேறு வழியில் பேசுகிறவர்கள் எங்காவது உண்டா என்று ஒரு கூட்டத்தில் கேட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். தமிழ்நாட்டு ஆட்டுச் சந்தைகளில் துண்டைப் போட்டு மூடி, அதற்கு அடியில் விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள் என்றேன். நீ பார்த்திருக்கிறாயா என்றார். பார்த்ததில்லை, கேள்விப்பட்டதுதான் என்றேன். போய்ப் பார்த்துவிட்டு வா என்றார். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். ஆனால் உண்மையைச் சொன்னால், கெட்டது போல எனக்குத் தோன்றவே இல்லை. விமானத்தில் தூக்கமே வரவில்லை, அவ்வளவு குஷி.

முதல் நாள் அருப்புக்கோட்டை. எங்கள் ஊரில் சாயங்காலமானால் மழை ஒரு தடவை வந்து தலையைக் காட்டிவிட்டுத்தான் போகும். இங்கே வானத்துக்கு அந்தப் பழக்கமே இல்லை. வெயில் தரையிலிருந்தும் அடித்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் பொரித்த பரோட்டா தின்றோம். பரிமாறியவர் "சால்னா ஊத்தவா?" என்று கேட்டார், பதிலுக்குக் காத்திராமல் ஊற்றினார். சியூ லிங் ஒரு வாய் வைத்ததும் மலாயில் என்னிடம், "நம்ம ரொட்டி சானாய் பள்ளிக்கூடம் போன பிள்ளை, இது ஊர் சுற்றி வளர்ந்த அதன் அண்ணன்," என்றாள். மூன்றாவது பரோட்டாவுக்கு அவளே கையைக் காட்டினாள்.

மறுநாள் காலை வீரசோழன் சந்தைக்குப் போகத் திருச்சுழி வழியாக பஸ் ஏறினோம். கருவிப் பெட்டியை மடியில் வைத்திருந்ததைப் பார்த்து கண்டக்டர், "அதுக்குள்ள என்னங்க?" என்றார்.

"மூளை எப்பிடி வேலை செய்யுதுன்னு பாக்குற மிசினு," என்றேன்.

"அப்ப எறங்கயில எங்க டிரைவருக்கு ஒருக்கா வச்சுப் பாத்துட்டுப் போங்க. இருக்கா இல்லையான்னு தெரிஞ்சா போதும்," என்றார். டிரைவர் திரும்பாமலே, "மொதல்ல அவருக்கு வைங்க தம்பி, டிக்கெட்ட மறந்துட்டு அடுத்த ஸ்டாப்புல அலைவாரு," என்றார். பஸ்ஸே சிரித்தது. சன்னலுக்கு வெளியே கரிசல் காடும் சீமைக்கருவேலமும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. செம்பனை மரங்களைப் பார்த்தே வளர்ந்த கண்ணுக்கு இவ்வளவு வெட்டவெளி புதிது.

சந்தையில் எங்களுக்கு உதவுவதாக ஏற்றிருந்தவர் தாவூது பாய். ஆட்டு வியாபாரி. வெள்ளைக் கைலி, பச்சைப் பெல்ட்டு, தோளில் ஒரு கனத்த துண்டு. அவர் இன்னொரு வியாபாரியின் கையைப் பிடித்துத் துண்டால் மூடியதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சுற்றிலும் அத்தனை சத்தம், அத்தனை ஆடு, அந்த இரண்டு பேர் மட்டும் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். துணி மட்டும் அசைந்தது. ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. கையை மொத்தமாகப் பிடித்தால் ஐந்து. அதற்கு மேல் விரலைத் தொட்டுக் கூட்டிக்கொண்டே போகலாம். ஆயிரமா, நூறா என்பதை ஆடே சொல்லிவிடும். பக்கத்தில் நிற்பவனுக்கு விலை தெரியக் கூடாது, அதற்குத்தான் துண்டு.

சியூ லிங் தொப்பியை எடுத்தாள். ஆட்டை விற்க வேண்டாம், பதிவுக்காகச் சும்மா ஒரு பேரம் பேசிக் காட்டுங்கள் என்று கேட்டேன். பாயின் முகம் சுருங்கியது.

"சும்மான்னா?"

"விக்க வேணாம் பாய், பேசுனா மட்டும் போதும்."

"துண்டுக்குள்ள கைய விட்டுட்டு சும்மா பேசுறது எங்க பொழப்புல கெடையாது தம்பி. உள்ள புடிச்சது சொன்ன சொல்லு. வெளையாட்டுக்குப் புடிச்சா அப்புறம் எவன் நம்புவான்?"

சுற்றி நின்ற எல்லோரும் தலையாட்டினார்கள். எங்கள் ஆய்வுத் திட்டத்தில் பெரிய ஓட்டை விழுந்தது. சரி, எப்படி இருக்கும் என்று நானாவது தெரிந்துகொள்கிறேனே என்று கையை நீட்டினேன். பாய் பக்கத்தில் நின்ற ஒரு கிடாயைக் கண்ணால் காட்டிவிட்டு, துண்டைப் போட்டு என் விரல்களைப் பிடித்தார். சொரசொரப்பான, சூடான கை. பிடித்து நிறுத்தினார். என்ன செய்வதென்று தெரியாத மனிதன் பழக்கத்தைத்தான் செய்வான். எங்கள் ஊரில் மலாய்க்காரப் பெரியவர் கை கொடுத்தால், மரியாதையாகப் பதிலுக்கு ஒரு அழுத்து அழுத்தி, அந்தக் கையை நெஞ்சில் வைப்போம். நான் அழுத்தினேன். நெஞ்சிலும் வைத்தேன்.

"படிஞ்சது!" என்றார் பாய். கூட்டத்தில் ஒருவர், "ஏலே, நெஞ்சுல கைய வச்சுல்ல சத்தியம் பண்ணிட்டாரு," என்றார். கிடாயின் கயிறு என் கைக்கு வந்துவிட்டது.

சியூ லிங் சிரித்த சிரிப்பில் தொப்பியின் ஒரு கம்பி பிடுங்கிக்கொண்டது. பல்கலைக்கழகச் செலவுக் கணக்கில் 'கிடாய், ஒன்று' என்று எப்படி எழுதுவது என்பது அவள் கவலை. விடுதி அறையில் இதை எங்கே கட்டுவது என்பது என் கவலை. பாயிடம் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னேன். வாங்கின சந்தையிலேயே திருப்பினால் இரண்டு பேருக்கும் பேர் கெட்டுவிடும் என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "பரளச்சியில இருளப்பண்ணன் ஆட்டுக் கொட்டத்துல விடுங்க. எங்க ஆடெல்லாம் முந்தி அங்கனதான் நிக்கும்," என்றார்.

இருளப்பன் அவருடைய நெடுங்காலக் கூட்டாளி, இந்தப் பக்கத்திலேயே பேர்பெற்ற தரகர். இரண்டு வருசத்துக்கு முன்னால் வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் போய்விட்டதாம். "நாலஞ்சு தடவ போய்ப் பாத்தேன். என்னத்தக் கேட்டாலும் 'சரி, சரி'ங்கிறாரு. மனுசன் உள்ள இல்ல தம்பி. அதப் பாக்க முடியாம போறதையே விட்டுட்டேன்," என்று சொன்ன பாய் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு ஆடு மறந்துவிட்டது. 'சரி' மட்டும் மிஞ்சிய மனிதரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது.

லோடு ஆட்டோவில் நாங்களும் கிடாயும் கிளம்பினோம். பாதி வழியில் டயர் பஞ்சர். ஸ்டெப்னியும் பஞ்சர். டிரைவர், "கண்மாய்க் கரையப் புடிச்சுப் போனா ஊரு பக்கந்தான்," என்றார். கரையை ஒட்டிய கண்மாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை, உள்ளே சிறுவர்கள் கிரிக்கெட் ஆடினார்கள். அவர் சொன்ன 'பக்கம்' எங்கள் ஊரில் டாக்சி பிடிக்கிற தூரம். சியூ லிங் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். கிடாய் என்னை இழுத்துக்கொண்டு போனது.

இருளப்பன் மனைவி பஞ்சவர்ணம் முதலில் தண்ணீர் கொடுத்தார், பிறகுதான் யாரென்று கேட்டார். குதிரைவாலிச் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டார். எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கில் வருகிற நெத்திலி இதன் பக்கத்தில் நிற்க முடியாது. இருளப்பன் வாசலில் நாற்காலியில் இருந்தார். சவரம் செய்த முகம், எண்ணெய் தேய்த்து வாரிய தலை. "வணக்கம் ஐயா," என்றேன். "சரி, சரி," என்றார். "சாப்பிட்டீங்களா?" "சரி." "சாப்பிடலையா?" "சரி, சரி."

என் தொழிலில் இது தெரிந்த சங்கதிதான். மூளையின் இடப்பக்கம் அடிபட்டால் சில பேருக்கு ஒரே ஒரு சொல் மட்டும் தங்கிவிடும். சம்மதித்தாலும் அது, மறுத்தாலும் அது. தலையாட்டலும் இடம் மாறிப்போகும். அவருக்குப் புரிகிறது என்றோ புரியவில்லை என்றோ அதை வைத்துச் சொல்ல முடியாது. நான் படங்களைக் காட்டிச் செய்த சோதனை எதற்கும் அவர் அசையவில்லை. எனக்கும் ஆர்வம் வடியத் தொடங்கியது. அப்போது கிடாய் அவர் பக்கம் போனது. அவர் இடது கையால் அதன் முதுகுத்தண்டை அழுத்திப் பார்த்தார். வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தார். பிறகு என்னை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தார். இளித்தவாயன் என்று ஒரு மனிதர் வாய் திறக்காமல் சொன்னதை நான் அன்றுதான் கேட்டேன்.

"இவுகளுக்கு எல்லாம் புரியுதும்மா," என்றேன்.

பஞ்சவர்ணம் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தார். "அப்பிடின்னா ஒரு ஒத்தாச பண்ணுங்க தம்பி," என்றார். மகன் செல்வம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். இரண்டு பேரும் அங்கேயே வந்துவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருகிறான். "அவுக இந்தக் கொட்டத்த விட்டு வர மாட்டாகடான்னு நான் சொல்லிக்கிட்டே இருக்கேன். அவன் அப்பாகிட்டக் கேட்டா 'சரி'ங்கிறாக. நான் போக வேணாம்லன்னு கேட்டாலும் 'சரி'ங்கிறாக. அவன் சொல்றான், அப்பாவுக்கு நெனப்பே இல்ல, நாமதான் முடிவு பண்ணணும்னு. நெனப்பிருக்கிற மனுசன நெனப்பில்லாதவுகன்னு தூக்கிட்டுப் போக ஒத்துக்கிற முடியுமா? அவுக மனசுல என்ன இருக்குன்னு ஒரே ஒரு வார்த்த எனக்குத் தெரியணும்."

நான் சியூ லிங்குக்கு மொழிபெயர்த்தேன். அவள் சற்று நேரம் அந்த இடது கையையே பார்த்தாள். பிறகு மலாயில், "இத்தனை பேரில் ஒருவர்கூடவா அந்தக் கையில் துண்டைப் போட்டுப் பார்க்கவில்லை?" என்றாள்.

ஒருவரும் போடவில்லை. ஏன் என்று எனக்குக் காலையிலேயே தெரிந்திருந்தது. பொய்ப் பேரத்துக்குத் துண்டு போடக் கூடாது. படுத்துவிட்டவரிடம் அதைச் செய்வது கேலி. ஆனால் என்னிடம் இப்போது உண்மையான ஆடு இருக்கிறதே. பாய்க்குப் போன் போட்டேன்.

"வெளையாட்டுக்கா?" என்றார் பாய்.

"இல்ல பாய். என் ஆட்ட நான் விக்கணும். எனக்குத் தரகர் இருளப்பண்ணன். நீங்க வாங்க வாறீகளா?"

"காலையில வாரேன்," என்றார்.

மூன்றாம் நாள் காலை பாய் மொபெட்டில் வந்து இறங்கினார். இருளப்பனை நேராகப் பார்க்கத் தயங்கி, கிடாயைத் தடவிக்கொண்டு நின்றார். எங்களுக்கு வேறொரு சங்கடம். எல்லாவற்றுக்கும் 'சரி' சொல்கிறவரிடம் ஆய்வுக்குச் சம்மதம் வாங்குவது எப்படி? சியூ லிங் தொப்பியை அவர் மடியில் வைத்துவிட்டு விலகி நின்றாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒவ்வொரு கம்பியையும் நெருடினார், பிறகு தானே எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டார். பஞ்சவர்ணம் நாலு பேர் வருகிறார்கள் என்று காலையிலும் எண்ணெய் தடவி விட்டிருந்த தலையில் அலை பிடிபடாததால், அதைக் கழுவ ஒரு சொம்பு சீயக்காய்த் தண்ணீர் செலவானது.

பாய் துண்டை விரித்து இரண்டு கைகளையும் மூடினார். துணி சும்மா கிடந்தது. பிறகு அசைந்தது. இருளப்பன் "சரி, சரி," என்றார். பாய் கையை எடுக்கப் போனார், எடுக்க முடியவில்லை. உள்ளே கெட்டியாகப் பிடித்திருந்தது. பாயின் கண் விரிந்தது.

"யா அல்லா. வாயி சரிங்குது, கையி மாட்டேங்குது!"

அதற்குப் பிறகு நடந்ததை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் அலுக்கவில்லை. பாய் இறக்குவார், இருளப்பன் ஏற்றுவார். பாய் பெருமூச்சு விடுவார், இருளப்பன் ஆகாயத்தைப் பார்ப்பார், வாய் பாட்டுக்கு 'சரி, சரி' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். சியூ லிங்கின் திரையில் அலைகள் ஓடின. எண்ணும் சொல்லும் தனித்தனி வீடு என்று நான் கத்தாத குறைதான். ஒரே ஒரு மனிதரை வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது என்பதும் தெரியும். கடைசியில் பாய் கையை உருவி நெற்றியில் அடித்துக்கொண்டார். "நான் இவருக்கு வித்ததவிடக் கூடப் போட்டு எங்கிட்டயே தள்ளிட்டாரு," என்றவர் அப்படியே இருளப்பனின் தோளில் சாய்ந்து அழுதார். "ரெண்டு வருசம் வராம இருந்துட்டேனே அண்ணே," என்றார்.

பஞ்சவர்ணம் எல்லாவற்றையும் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது கிட்டே வந்தார். "நவுருங்க பாய், நான் கேக்கேன்," என்றார். சியூ லிங் அவசரமாகக் கணினியில் அடுத்த பதிவைத் தொடங்கப் போனாள். பஞ்சவர்ணம் தொப்பியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். "இத எடுத்துக்க தாயி. புருசன் பொண்டாட்டி பேசுறதுக்கு எதுக்கு மிசினு?" என்றார். நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. இத்தனை கடல் தாண்டி எதற்காக வந்தோமோ அது கண்ணெதிரே நடக்கப் போகிறது, பதிவு கிடையாது. எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. சியூ லிங் கணினியை மூடிவிட்டாள்.

பெண்கள் துண்டுக்குள் கை விட்டு பாய் பார்த்ததில்லையாம். உங்களுக்கு இந்தக் கணக்குத் தெரியுமா என்று கேட்டார். "இத்தன வருசமா தரகருக்குச் சோறு போடுறேன், இது தெரியாதா," என்றபடி பஞ்சவர்ணம் கணவருக்கு எதிரே உட்கார்ந்து துண்டைப் போட்டார்.

"இந்தா பாருங்க. செல்வம் வீட்டுல வருசத்துக்கு எத்தன மாசம் இருக்கணும்? மாசத்தச் சொல்லுங்க. போகவே வேணாம்னா கைய உருவிக்கங்க."

அவர் கையை உருவிக்கொள்வார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். பஞ்சவர்ணம் அதை எதிர்பார்த்து, லேசாகத்தான் பிடித்திருந்தார். கை வெளியே வரவில்லை. துணி அசைந்தது, மறுபடி அசைந்தது, இன்னொரு தரமும் அசைந்தது.

"அம்புட்டா?" என்றார் பஞ்சவர்ணம்.

அந்தம்மா முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. பாய் தரையைப் பார்த்தார். நான் செய்த வேலையின் கனம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு மனிதருக்குப் பேச வழி திறந்துவிட்டால், அவர் நாம் விரும்புவதைத்தான் சொல்வார் என்று யார் சொன்னது?

பஞ்சவர்ணம் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். "பேத்தி பொறந்து இன்னும் நேர்ல பாக்கல," என்று எங்களிடம் சொன்னார். "போன்ல காட்டுனா மூஞ்சியத் திருப்பிக்கிருவாக. புடிக்கலன்னு நெனச்சேன். எனக்குத்தான் இந்த ஊர விட்டுப் போக மனசில்ல தம்பி. அவுக பேரச் சொல்லி நானே முடிவு பண்ணிக்கிட்டு இருந்திருக்கேன்."

பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். "அம்புட்டெல்லாம் முடியாது," என்று கணவரிடம் சொல்லிவிட்டு அவர் கையை இழுத்துப் பிடித்தார். இருளப்பன் தலையைச் சிலுப்பினார், துணி எதிர்ப்பக்கம் இழுபட்டது. இவர் இறக்கினார், அவர் ஏற்றினார். நடுவில் பஞ்சவர்ணத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதை அடக்கிக்கொண்டு, "மழைக்காலத்துல வெதப்பு யாரு பாக்குறது? கொஞ்சம் எறங்கி வாங்க," என்றார். இருளப்பன் முதல் தடவையாகச் சத்தமாகச் சிரித்தார். உள்ளே இரண்டு கைகளும் அசையாமல் நின்றன.

"படிஞ்சது," என்றார் பஞ்சவர்ணம்.

"எத்தன மாசம்மா?" என்றேன், ஆசை தாங்காமல்.

பாய் என்னை முறைத்தார். "துண்டுக்குள்ள பேசுனத வெளிய கேக்கக் கூடாது தம்பி."

பஞ்சவர்ணம் போனை எடுத்து மகனைக் கூப்பிட்டார். "வண்டியக் கொண்டாய்யா. நாங்க வாரோம். இல்ல, ஒரேயடியா இல்ல. எம்புட்டு நாளுன்னு அப்பா சொல்லிட்டாக. ஆமா, அப்பாதான். டேய், எதுக்கு அழுவுற?" என்றார். போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் எங்கள் மூவருக்கும் இலை போட்டுச் சோறு வைத்தார். அவரும் உட்காருவார் என்று நாங்கள் கை வைக்காமல் காத்திருந்தோம். அவர் மறுபடியும் போய்க் கணவருக்கு எதிரே உட்கார்ந்து, துண்டை எடுத்து உதறினார்.

"நீங்க சாப்புடுங்க தம்பி," என்றார். "நாங்க இன்னும் பேசி முடிக்கல."